மூக்கால் திருடிய மூச்சு

குரிசிங்கல் துறையில் மீன் ஏலத்துக்கு மணி கிடையாது, சுத்தியல் கிடையாது, ஒருதரம் ரெண்டுதரம் கிடையாது. ஏலக்காரர் ஒரு தொகையில் தொடங்கி ஒரே மூச்சில் ஏறிக்கொண்டே போவார். மூச்சு வாங்க அவர் நிறுத்தும்போது கடைசியாகத் தலையசைத்தவர் யாரோ, கூடை அவருக்கு. கொல்லத்துக்கு வடக்கே மற்ற துறைக்காரர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். குரிசிங்கல்காரர்கள் சிரிப்பதில்லை. தரம் சொல்லி விற்ற காலத்தில், மச்சானுக்குப் போகவேண்டிய மீன் என்றால் 'மூணுதரம்' சட்டென்று வந்துவிடும். ஆகாதவனுக்குப் போகிறது என்றால் ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவில் நிதானமாக ஒரு பீடி குடித்து முடிக்கலாம். விவகாரம் கத்திக்குத்து வரை போன பிறகு, ஏலக்காரனின் நாக்கை நம்புவதைவிட நுரையீரலை நம்புவது மேல் என்று துறைக் கமிட்டி முடிவெடுத்தது.

அந்த நுரையீரல் இருபது வருஷத்துக்கு மேலாக செலஸ்டினுடையது. ஆளைப் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். குட்டை உருவம், கோழிக்குஞ்சு மார்பு. வாயைத் திறந்தால் மட்டும் நிற்காது. வீட்டிலும் அதே கதிதான். "இந்த மனுஷன் தூங்கும்போதுதான் நான் செபமாலையே சொல்ல முடியுது" என்பாள் அவர் மனைவி மெட்டில்டா. படகுக்காரர்களுக்கு அவரைப் பிடிக்கும், ஏனென்றால் நீண்ட மூச்சு நல்ல விலை. வாங்கும் வியாபாரிகளுக்கும் பிடிக்கும், ஏனென்றால் அந்த மூச்சில் ஓரவஞ்சனை இல்லை.

கொரோனாவின் இரண்டாம் அலையில் செலஸ்டின் விழுந்தார். இரண்டு வாரத்துக்கு மேல் தொண்டைக்குள் குழாய், குழாயின் மறுமுனையில் எந்திரம். பிழைக்க மாட்டார் என்று பங்குத்தந்தை எண்ணெய் பூசிவிட்டுப் போனார். பிழைத்தார். குழாய்தான் காப்பாற்றியது என்று எல்லோரும் சொன்னார்கள், அது உண்மையும்கூட. ஆனால் அத்தனை நாள் ஒரே இடத்தில் அழுத்திக்கொண்டிருந்த குழாய், குரல்நாணுக்குக் கீழே மூச்சுக்குழலில் ஒரு புண்ணை உண்டாக்கியிருந்தது. புண் ஆறியது. ஆறியதுதான் தொந்தரவு. ஆற ஆறத் தழும்பு தடித்து, வளையம்போல் உள்ளுக்குள் இறுகிக்கொண்டே வந்தது. புண்ணாகவே இருந்திருந்தால் வலித்திருக்கும், யாராவது பார்த்திருப்பார்கள்.

வலிக்காததால் அதற்கு ஆஸ்துமா என்று பெயர் வைத்தார்கள். உறிஞ்சும் மருந்து கொடுத்தார்கள். செலஸ்டின் பல மாதம் உறிஞ்சினார். படியேறினால் தொண்டையில் விசில் கேட்டது. ஏலத்தில் பழைய உயரத்துக்குப் பாதியில் மூச்சு தீர்ந்தது. உயர்ந்த நெய்மீன் மலிவான சாளை விலைக்குப் போக ஆரம்பித்தது. படகுக்காரர்கள் முதலில் அனுதாபப்பட்டார்கள், பிறகு முணுமுணுத்தார்கள், பிறகு பக்கத்துத் துறையில் ஓர் இளைஞன் நன்றாகக் கத்துகிறான் என்று அவர் காதுபடப் பேசினார்கள்.

அப்போதுதான் செலஸ்டின் அந்த வித்தையைக் கண்டுபிடித்தார். ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் நடுவில் உதட்டை மூடித் தலையை லேசாக ஆட்டுவார், வாங்குகிறவரைப் பார்த்து 'சரி, கேட்டேன்' என்பதுபோல. அந்த ஆட்டத்துக்குள் மூக்கு ஒரு சிட்டிகைக் காற்றை இழுத்துக்கொள்ளும். வாய் திறந்து வாங்கினால்தானே மூச்சு? இது மூச்சல்ல, மரியாதை. சில வாரங்களில் விலைகள் பழையபடி ஏறின. துறையில் யாருக்கும் தெரியவில்லை என்று அவர் நம்பினார்.

விசில் சத்தம் சோற்றுக்கு நடுவிலும் கேட்கத் தொடங்கியதும் மெட்டில்டா அவரைக் கொல்லத்தில் ஒரு தனியார் மருத்துவமனைக்கு இழுத்துப் போனாள். தொண்டை நிபுணர் டாக்டர் ஹரீந்திரன் மூக்கு வழியாகக் கறுப்புக் கயிறுபோல் ஒன்றை விட்டுப் பார்த்தார், ஸ்கேன் எடுத்தார், ஆஸ்துமாவை ஒரே வார்த்தையில் தள்ளுபடி செய்தார்.

"ஒரு சின்ன பலூனை அந்த எடத்துல வெச்சு ஊதணும். ஊதினா வழி விரியும். கஷ்டமான வேலை இல்ல. ஆனா ஒண்ணு, வழியே அம்புட்டுதான். நான் பலூன் விடற எடத்துல மயக்க டாக்டர் குழாய் விட்டா, நான் எங்க நிக்கறது?"

மயக்க மருத்துவருக்கும் தொண்டை மருத்துவருக்கும் இந்தத் தகராறு தொழில் தோன்றிய நாளிலிருந்து உண்டு. வயிற்றை அறுக்கிறவருக்கு வயிறு, தூங்கவைக்கிறவருக்குத் தொண்டை என்று மற்ற இடங்களில் பாகப்பிரிவினை ஒழுங்காக நடந்துவிடுகிறது. இங்கே இருவருக்கும் ஒரே சந்துதான் வீடு. ஹரீந்திரன் அதற்கு ஒரு தீர்வு சொன்னார். தொண்டையில் குழாயே போடாமல், மூக்கில் இரண்டு மென்மையான முனைகளை வைத்து, வெதுவெதுப்பான ஈரமான ஆக்சிஜனைப் புயல் வேகத்தில் விடுவார்கள். ஆள் மூச்சே விடாமல் கிடந்தாலும் அந்தக் காற்று தானாக உள்ளே இறங்கி ரத்தத்தில் சேரும். கொஞ்ச நேரத்துக்குத் தாங்கும். அதற்குள் வேலையை முடித்துவிடலாம்.

"அதுவும் தாங்கலேன்னா?" என்று மெட்டில்டா கேட்டாள்.

"கழுத்துல ஓட்டை" என்றார் ஹரீந்திரன், பஸ் இல்லாவிட்டால் ஆட்டோ என்பதுபோல.

செலஸ்டினுக்கு அந்த ஓட்டை தெரியும். துறையில் வலை பின்னும் பௌலோஸ் கழுத்தில் ஓட்டையோடு இருக்கிறார். ஒரு சொல் சொல்லவேண்டுமென்றால் விரலால் ஓட்டையைப் பொத்திக்கொள்ளவேண்டும். டீ கேட்பதற்கு அது போதும். ஏலம் விட முடியாது. மூக்கு வழிக் காற்று என்றால் சம்மதம் என்றார், ஆனால் மீன்பிடித் தடைக்காலம் வரட்டும், ஏலம் இல்லாத நாளில் வைத்துக்கொள்ளலாம் என்று நாள் தள்ளினார். அதற்கு மூன்று மாதம் இருந்தது. தழும்புக்குத் தடைக்காலம் கிடையாது. அது தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஜூனில் மழை பிடித்து, படகுகள் கரையேறி, செலஸ்டின் வார்டில் படுத்தார். மாலையில் மயக்க மருத்துவர் சுமய்யா வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். தன்னை ஒருவரும் ஞாபகம் வைத்துக்கொள்ளாமல் இருப்பதே தன் வேலையின் வெற்றி என்று சொல்லிச் சிரிக்கிறவள். அன்று பகல் முழுக்க வேலை அவளைப் பிழிந்திருந்தது.

"ஸ்கேன் எடுத்தப்புறம் மூச்சு மோசமாயிருக்கா, சேட்டா?"

"இல்லையே. அப்படியேதான் இருக்கு."

"படியேறுனா?"

"நான் எதுக்கு டாக்டரே படியேறறேன்? எங்க துறையே மட்டமான எடம்."

அவள் கழுத்தில் கருவியை வைத்துக் கேட்டாள். செலஸ்டின் அசையாமல், அவசரமில்லாமல் மூச்சு விட்டார். அப்படி விட்டால் விசில் அடங்கிவிடும் என்பது அவருக்கு மனப்பாடம். ஏதோ லேசாகக் கேட்டதுபோலிருந்தது அவளுக்கு. சந்தேகத்தைத் தீர்க்க, அவள் ஆசிரியர்கள் சொல்லித்தந்த எளிய சோதனையைச் செய்தாள்.

"நல்லா மூச்ச இழுத்துக்கிட்டு, நடுவுல மூச்சு வாங்காம ஒண்ணு ரெண்டுன்னு எண்ணுங்க. எது வரைக்கும் போகுதுன்னு பாப்போம்."

உலகத்தில் இந்தச் சோதனையைக் கொடுக்கக்கூடாத மனிதர் ஒருவர் உண்டென்றால் அவரிடம் போய்க் கொடுத்தாள். செலஸ்டின் மயக்கம் போடும் நிலையில் இருந்தாலும் எண்ணச் சொன்னால் எண்ணிவிடுவார். உதட்டை மூடி, தலையை ஆட்டி, மரியாதையாக எண்ணினார். முப்பத்தெட்டில் நிறுத்தினார். இன்னும் போயிருக்கலாம், ஆனால் நோயாளிக்கு ஓர் அடக்கம் வேண்டும் என்று நினைத்தார்.

சுமய்யாவின் முகம் மலர்ந்தது. "பரவாயில்லையே. எனக்கே முப்பது தாண்டாது."

வெளியே போய் ஹரீந்திரனுக்குப் போன் செய்தாள். மூக்கில் புயல் விடும் எந்திரம் மருத்துவமனையில் இரண்டுதான், மழைக்கால நிமோனியாவுக்கு இரண்டும் தீவிரப் பிரிவில் ஓடிக்கொண்டிருந்தன. மூன்று மாதத்துக்கு முந்தைய ஸ்கேனில் பார்த்த அளவுக்கு ஒல்லியான குழாய் ஒன்று நுழையும், நோயாளியும் திடமாக இருக்கிறார், எந்திரத்துக்குக் காத்திருக்கவேண்டாம், குழாயிலேயே செய்துவிடலாம் என்று இருவரும் பேசிக்கொண்டார்கள். ஒரு நர்ஸ் வந்து, நாளைக் காலை முதல் கேஸ், ராத்திரிக்குப் பிறகு தண்ணீரும் கூடாது, டாக்டர் தொண்டையில் சின்னக் குழாய்தான் போடப்போகிறார், பயப்படவேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

செலஸ்டின் எழுந்து உட்கார்ந்தார். "குழாயா? மூக்குன்னுதானே சொன்னாங்க?"

அந்த நேரத்தில்தான் அக்னீஸ் வந்து சேர்ந்தாள், ஒரு பை ஆரஞ்சும் ஒரு பாக்கெட் ரொட்டியும் எடுத்துக்கொண்டு. குரிசிங்கலில் வாங்கிக் கொல்லம் சந்தையில் விற்கும் வியாபாரி. வாய்க்குக் கட்டுப்பாடு இல்லாதவள் என்று பெயர். உள்ளே வந்ததும் மழையைத் திட்டினாள், ஆட்டோக்காரனைத் திட்டினாள், பிறகு கட்டிலோரம் உட்கார்ந்து, அவருக்காகக் கொண்டுவந்த ஆரஞ்சைத் தனக்காக உரிக்கத் தொடங்கினாள்.

"டாக்டரு என்ன சொன்னாங்க?"

"எண்ணச் சொன்னாங்க" என்றாள் மெட்டில்டா பெருமையோடு. "முப்பத்தெட்டு வரை போனாரு."

"மூக்கோடயா, மூக்கில்லாமயா?"

செலஸ்டின் பேசவில்லை. அது அபூர்வமானதால் மெட்டில்டா திரும்பிப் பார்த்தாள்.

"என்ன மூக்கு?" என்றார் கடைசியில்.

"எங்கிட்ட எதுக்கு அண்ணே? உதட்ட மூடித் தலைய ஆட்டுவீங்க, இடது மூக்கு விரியும். மொத தடவை விரிஞ்சா இன்னும் ஏறப்போறீங்கன்னு அர்த்தம். ரெண்டாவது தடவையும் விரிஞ்சா அதோட சரி, அங்கேர்ந்து நாலே எண்ணு. நான் நாலாவதுல தலையாட்டுவேன்."

"எப்பலேர்ந்து தெரியும்?"

"போன ஓணத்துக்கு முன்னாடியே."

"வாயத் திறக்கலையே நீ."

"திறந்தா நெய்மீன் எனக்கு யாரு குடுப்பா?"

செலஸ்டினுக்கு வந்தது கோபமா, மரியாதையா என்று அவருக்கே பிடிபடவில்லை. ஒரு வருஷமாக அவர் மூச்சைத் திருடி விலையை ஏற்றியிருக்கிறார், அவள் அந்தத் திருட்டைப் பார்த்துச் சரியான நொடியில் மீனை வாங்கியிருக்கிறாள். இருவருமே கெட்டிக்காரத்தனமாக இருந்ததில் யாருக்கு லாபம் என்று யோசிக்க அவருக்கு அப்போது அவகாசம் இல்லை.

"அப்ப டாக்டர்கிட்டயும் மூக்கால திருடிட்டுத்தான் உக்காந்திருக்கியா, மனுஷா?" என்றாள் மெட்டில்டா.

"பின்ன? கம்மியா எண்ணுனா கழுத்துல ஓட்டை போட்டுருவாங்க. நல்லா எண்ணுனா நல்லா இருக்கேன்னு விட்டுருவாங்கன்னு பாத்தேன்."

"விட்டாங்களா? நல்லா இருக்கேன்னுதானே குழாயப் போடறாங்க. அந்தக் குழாய் பண்ணுன வேலைக்குத்தானே இங்க வந்து கெடக்கற."

அக்னீஸ் ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டாள். "போய்ச் சொல்லுங்க அண்ணே. அந்தப் பொண்ணுக்கு மூக்கப் பாக்கத் தெரியாது. என் பொழப்பு போனாலும் பரவால்ல. செத்துட்டீங்கன்னா புது ஏலக்காரன் மூக்க முதல்லேர்ந்து படிக்கணும்."

சொல்வது எளிதல்ல. குரிசிங்கலில் ஏலக்காரனின் மூச்சு சத்தியம் மாதிரி. அது கள்ளமூச்சு என்று வெளியே தெரிந்தால் துறையில் நிற்க முடியாது. இன்னொன்று, ஓட்டைப் பயம் அப்படியேதான் இருந்தது. சொல்லாவிட்டால் குழாய், சொன்னால் ஒருவேளை ஓட்டை. அரை மணி நேரம் ஜன்னலோரம் நின்று மழையைப் பார்த்தார். கண்ணுக்கு மழை தெரிந்தது, காதுக்குத் தன் தொண்டை கேட்டது. யாருக்கும் எதையும் விற்கவேண்டியில்லாத அந்த அறையிலும் மூச்சை ஒளித்துத்தான் விட்டுக்கொண்டிருக்கிறோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

மயக்க மருத்துவர்களின் அறை நடைக்கூடத்தின் மறுகோடியில் இருந்தது. பாதி வழியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். மீதி வழியை விசிலோடு கடந்தார். சுமய்யா பையை மாட்டிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"டாக்டரே, இன்னொரு தடவை எண்ணட்டா?"

"எதுக்கு? நல்லாத்தானே எண்ணுனீங்க."

"இந்தத் தடவை என் மூக்கப் பிடிச்சுக்கங்க."

அவள் பஞ்சை எடுத்து அவர் மூக்கைப் பிடித்தாள். வாசலில் நின்ற நர்ஸ், ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர், பக்கத்து வார்டுக்கு வந்திருந்த இரண்டு குரிசிங்கல்காரர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். செலஸ்டின் பெரிதாக மூச்சிழுத்து எண்ணத் தொடங்கினார். பதினொன்றில் நின்றது. பன்னிரண்டுக்குப் பதிலாகக் கதவிடுக்கில் காற்று நுழைவதுபோல் நீளமான ஒரு சத்தம் வந்தது.

சுமய்யா பையைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

"நாளைக்குக் காலைல நான் உங்களைத் தூங்க வெச்சு, மூச்ச நிறுத்தி, நுழையாத எடத்துல குழாய நுழைக்கப் பாத்திருப்பேன். புரியுதா, சேட்டா?"

"புரியுது."

"என்ன புரியுது?"

"ஏலம் முடிஞ்சிருக்கும்."

அவள் சிரிக்கவில்லை. அவர்மேல் கோபம் இருந்தது. அதைவிட அதிகமாக, காதில் கேட்டதை விட்டுவிட்டு எண்ணை நம்பிய தன்மேல் கோபம் இருந்தது. அந்த இரண்டாவது கோபத்தையும் சேர்த்து அவர்மேலேயே காட்டிவிட்டு, காலைக் கேஸை ரத்து செய்தாள்.

மறுநாள் எடுத்த புது ஸ்கேனைப் பார்த்து ஹரீந்திரன் உச்சுக்கொட்டினார். பேனா நுழையாது, பேனாவின் ரீஃபில் நுழையும், அவ்வளவுதான் வழி. நிமோனியா நோயாளி ஒருவர் தேறி எந்திரம் விடுபட இன்னும் இரண்டு நாள் ஆயிற்று. அந்த இரண்டு நாளும் செலஸ்டின் வெளிப்படையாக, எல்லோர் முன்னிலையிலும், வாயால் மூச்சு வாங்கினார். அசிங்கமாகத்தான் இருந்தது, ஆனால் களைப்பு குறைந்தது.

அறுவை அறையில் அவரைத் தலைப்பக்கம் உயர்த்திப் படுக்கவைத்தார்கள். சுமய்யா அவர் கழுத்தைத் தடவி, ஓர் இடத்தில் ஊதா மையால் கோடு போட்டாள்.

"இது என்ன?"

"ஓட்டை போடற எடம். வேணும்னா. கத்தி பக்கத்துலயே இருக்கும். மூக்குக் காத்து தாங்குச்சுன்னா குளிக்கும்போது கோடு போயிரும்."

"தாங்குமா?"

"அது நீங்க இப்ப எப்படி மூச்சு விடறீங்கங்கறதப் பொறுத்தது. நுரையீரலை ஆக்சிஜனால நெரப்பணும். வாய மூடிக்கிட்டு மூக்கால மட்டும் இழுங்க."

மூக்கில் முனைகளைப் பொருத்திக் காற்றைத் திறந்தாள். படகின் முனையில் நின்று தென்மேற்குக் காற்றுக்கு முகம் கொடுத்ததுபோலிருந்தது செலஸ்டினுக்கு, வெந்நீர்ப்பானையின் ஆவியும் கலந்தடித்தால் எப்படியோ அப்படி. மனிதன் சும்மா இருக்கும்போது நிமிஷத்துக்கு ஆறேழு லிட்டர் காற்று இழுக்கிறான். இது எழுபது லிட்டர் வரை போகும்.

"டாக்டரே, இது நல்லா இருக்கே. இதத் துறையில ஒண்ணு வெச்சா..."

"வாய மூடுங்க, சேட்டா. வாய் திறந்தா காத்து வெளிய போயிரும்."

"இல்ல, நான் என்ன சொல்றேன்னா..."

"வாய மூடுங்க."

"ஒரே ஒரு கேள்வி."

நர்ஸ் அவர் தாடையில் கைவைத்து மூடினாள். இருபது வருஷமாக வாயைத் திறந்து பிழைத்த மனிதரிடம், வாயை மூடி மூக்கால் மூச்சிழுக்கச் சொன்னார்கள். அதுவும் ஒளிக்காமல், ஆழமாக, எவ்வளவு முடியுமோ அவ்வளவு. அவர் இழுத்தார். பிறகு நடந்தது அவருக்குத் தெரியாது.

அவர் வாழ்க்கையின் முக்கியமான அரை மணி நேரம் அவர் இல்லாமலேதான் நடந்தது. பின்னால் சுமய்யாவைக் கேட்டுக் கேட்டு, நர்ஸிடம் சரிபார்த்து, அதைத் தானே பார்த்தவர்போல் சொல்லுமளவுக்குச் சேகரித்துக்கொண்டார்.

தசைகளைத் தளர்த்தும் மருந்து ஏறியதும் மார்பு நின்றது. வழக்கமாக மூச்சை ஊதும் எந்திரத்தின் ஏற்ற இறக்கச் சத்தமும் இல்லை, குழாயே இல்லாதபோது அது எதை ஊதும்? மூக்கில் காற்றின் சீற்றம் மட்டும். மூச்சு விடாத மனிதர், திரையில் ரத்த ஆக்சிஜன் நூறு. அறையில் பழக்கமில்லாத ஒருவர் இருந்திருந்தால் இரண்டில் ஏதோ ஒன்று பொய் என்று அடித்துச் சொல்லியிருப்பார். ஹரீந்திரன் செலஸ்டினின் வாயில் உலோகக் குழலை நிறுத்தி, விளக்கடித்து, தொண்டை முழுவதும் தனக்கே கிடைத்த ஆனந்தத்தில் மெதுவாக வேலை செய்தார்.

"ரொம்ப நிதானமா இருக்கீங்க, சார்" என்றாள் சுமய்யா.

"நூறு காட்டுதே."

"நூறு காட்டறது உள்ள போறத. வெளிய வரவேண்டிய கெட்ட காத்தக் காட்டல. அடுப்பு எரியுது, புகைபோக்கி மூடியிருக்கு. கடிகாரத்தப் பாத்து செய்ங்க."

பலூனை இடுக்கில் வைத்து ஊதினார். அங்கேதான் கண்டம். பலூன் விரிந்திருக்கும்போது வழி அடியோடு அடைபடும், மூக்குக் காற்றும் கீழே இறங்காது. அதுவரை நிரப்பி வைத்த ஆக்சிஜன்தான் இருப்பு. தொண்ணூற்றெட்டு ஆயிற்று. தொண்ணூற்றைந்து. பிறகு எண் படியில் இறங்குவதுபோல் இறங்கியது. சுமய்யாவின் ஒரு கை ஊதாக் கோட்டின் மேல் போய் நின்றது. எண்பத்தொன்பதில் "எடுங்க" என்றாள். ஹரீந்திரன் ஒரு நொடி தயங்கினார். "எடுங்க, சார்." பலூன் சுருங்கியது. எண் இறங்குவது நிற்கவில்லை, எண்பத்தாறு, எண்பத்தைந்து, அங்கே கொஞ்சம் யோசித்தது, பிறகு திரும்பி ஏறியது. நூறுக்கு வந்ததும் இன்னொரு முறை ஊதினார்கள். இந்தத் தடவை அவ்வளவு இறங்கவில்லை, ஏனென்றால் வழி ஏற்கெனவே கொஞ்சம் திறந்திருந்தது. ரீஃபில் வழி பேனா வழியாயிற்று. கோட்டின் மேலிருந்து அவள் கையை எடுத்தாள்.

செலஸ்டின் கண் விழித்ததும் பயந்துபோனார்.

"மூச்சு வரல, டாக்டரே" என்றார் கரகரப்பாக.

"வருது. சத்தம்தான் வரல."

இரண்டு வருஷமாகத் தனக்கு மூச்சு இருப்பதைக் காதால் கேட்டே தெரிந்துகொண்டவர், மார்பில் கைவைத்துப் பார்த்தார். ஏறி இறங்கியது. கொஞ்ச நேரம் அப்படியே வைத்துக்கொண்டிருந்தார்.

"இது நெலைக்குமா?"

"சொல்ல முடியாது. தழும்பு மறுபடி இறுகும். சில பேருக்கு வருஷத்துல, சில பேருக்கு முன்னாடியே. இறுகுனா வந்துருங்க, மறுபடி இதே மாதிரி செய்யலாம். வரும்போது நெசத்தச் சொல்லுங்க, அது போதும்."

ஒரு வாரம் பேசக்கூடாது என்று ஹரீந்திரன் கட்டளையிட்டார். மெட்டில்டா அந்த ஒரு வாரத்தில் விட்டுப்போன செபமாலை எல்லாம் சொல்லி முடித்தாள்.

ஆகஸ்டில் படகுகள் இறங்கும் முன்பே விஷயம் துறைக்கு வந்துவிட்டது. அக்னீஸ் சொல்லவில்லை. நடைக்கூடத்தில் மூக்கைப் பிடித்துக்கொண்டு எண்ணியதைப் பார்த்த இரண்டு பேர் சொன்னார்கள், பதினொன்றை அவர்கள் எட்டாகக் குறைத்தும் சொன்னார்கள். கமிட்டி கூடியது. வியாபாரிகள் செலஸ்டினை நீக்கவேண்டும் என்றார்கள். படகுக்காரர்கள், எங்களுக்காகத்தானே திருடினார், இருக்கட்டும் என்றார்கள். கத்திக் கத்தி ஓய்ந்த பிறகு ஒரு முடிவுக்கு வந்தார்கள். செலஸ்டின் இருக்கலாம், மூச்சு போகவேண்டும். இனி ஊரெல்லாம் செய்வதுபோல் மூன்று தரம், தரம் சொல்லும்போது கமிட்டியிலிருந்து ஒருவர் கைக்கடிகாரத்தோடு நிற்பார். எதிர்த்தவள் அக்னீஸ் ஒருத்திதான்.

"காலங்காலமா இருக்கற முறைய இப்படி ஒரு நாள்ல தூக்கிப் போடறதா?" என்று அவள் கேட்டது பலருக்கு நெகிழ்ச்சியாக இருந்தது.

ஆக, முப்பத்தெட்டு வரை எண்ணக்கூடிய நெஞ்சைச் செலஸ்டின் நிஜமாகவே திரும்பப் பெற்ற வருஷத்தில், துறைக்கு அது தேவைப்படாமல் போயிற்று. முதல் நாள் ஏலத்தில் 'ரெண்டுதரம்' சொல்லிவிட்டு, கடிகாரக்காரர் தலையசைக்கும்வரை சும்மா நிற்கவேண்டியிருந்தது. அந்த இடைவெளியில் என்ன செய்வதென்று தெரியாமல் வியாபாரிகளின் குடும்ப நலன்களை விசாரித்தார். கடிகாரக்காரர் இரண்டு முறை கண்டித்தார்.

வருத்தமா என்று கேட்டால், இல்லை என்பார். ராத்திரி படுத்தால் தூங்க முடிகிறது, மாதா கோயில் படியில் நிற்காமல் ஏற முடிகிறது, கழுத்து முழுசாக இருக்கிறது. சட்டைக் காலரை ஒரு விரலால் தளர்த்தும் பழக்கம் மட்டும் புதிதாக வந்திருந்தது.

அடுத்த தடைக்காலத்துக்குக் கொஞ்சம் முன்பு, மே மாதக் கடைசியில், படகுகளில் எந்திரத்தைக் கழற்றிப் பணிமனைக்கு அனுப்பும் வேலை தொடங்கியது. வருஷத்துக்கு ஒருமுறை நடப்பதுதான். ஒரு படகுக்காரர் கரையில் நின்று அத்தனை பேருக்கும் கேட்கும்படி கூப்பிட்டார்.

"செலஸ்டினண்ணே, எங்க எஞ்ஜின் நாளைக்குப் போகுது. உங்களோடது எப்ப?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அக்னீஸ் திரும்பி, பழக்கதோஷத்தில் அவர் மூக்கைப் பார்த்தாள்.

"ஜூன் பன்னெண்டுக்கு நாள் கேட்டிருக்கு" என்றார் செலஸ்டின். "போன வாரத்துலேர்ந்து மாடி ஏறுனா சத்தம் வருது. எண்ணுனா இருபத்தாறுக்கு மேல போகல."

சொல்லிவிட்டு, வாய் திறந்து தாராளமாக ஒரு மூச்சு வாங்கிக்கொண்டு, அடுத்த கூடைக்கு நகர்ந்தார்.